ஏழில் மாட்டிய பையன்

கேள்வி: 2¾ என்றால் 2.75 என்று பட்டென்று எழுதும் என் மகன், 2 1/7-ஐக் கண்டால் விழிக்கிறானே? (வாசகர், கரமனை, திருவனந்தபுரம்)

பதில்: பையன்மேல் தப்பில்லை. பின்னத்தைச் சுருக்கிய பிறகு, பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் ஒட்டியிருந்தால் தசமம் முடியவே முடியாது. நம் பழைய பின்ன அளவான முந்திரி 320-ல் ஒரு பங்குதான், அதுகூட 0.003125 என்று சமர்த்தாக நின்றுவிடும். 1/7 அப்படியல்ல, 0.142857142857... என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் ஊர்க்காரர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது! அந்நாளைய திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம், பணத்துக்கு 4 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. ஒரு பணத்தை ரூபாயின் தசமமாக எழுதச் சொல்லியிருந்தால், சாலைக் கடைத்தெருக் கணக்கப்பிள்ளை இன்றும் எழுதிக்கொண்டுதான் இருப்பார். பிறகு 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து இந்திய ரூபாயை நூறு பங்காக்கியது; தசமத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

மகனிடம் 2.143 என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று தசம இடத் திருத்தத்துக்கு அதுதான் விடை.