எள்ளுத்தாத்தாவின் அப்பா

அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களைப் பிடிக்கும் வியாதிகள் இரண்டு. ஒன்று கோல்ஃப், மற்றது, அயர்லாந்தில் பூட்டன் பிறந்த வீட்டைத் தேடுவது. முதலாவதில் பந்தாவது அகப்படும்.

பூட்டன் ஏன் ஓடினான் என்பதில் சந்தேகமில்லை. 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. மூன்று வேளையும் அதையே தின்ற ஏழைகளில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் கூடுதலானோர் கப்பலேறினார்கள். அப்போதும் தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாதாம்! 1849-ல் விக்டோரியா ராணி வந்திறங்கியதும், கோவ் துறைமுகத்துக்கு க்வீன்ஸ்டவுன் என்று பெயர் சூட்டினார்கள். பசித்தவன் கேட்டது சோறு, கிடைத்தது பெயர்ப்பலகை.

சரி, காகிதமாவது இருக்குமே என்று டப்ளின் போனால், அங்கேயும் ஏழரை. 1861, 1871 மக்கள்தொகைக் கணக்கேடுகளை அரசே அழித்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாகின. 1861-க்கு முந்தையவை, 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து எரிந்தன. முழுசாக மிஞ்சியதில் மிகப் பழையது 1901 கணக்குதான். பூட்டனோ அதற்குள் பாஸ்டனில் பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

காகிதம் இருந்தாலும் நம்ப முடியாது. 1892 ஜனவரி 1-ல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்ததும் முதலில் கால் வைத்தவள் அயர்லாந்துக்காரி ஆனி மூர். பத்து டாலர் தங்கக் காசு பரிசு. கோவ் துறைமுகத்திலும் நியூயார்க்கிலும் சிலை வைத்து, டெக்ஸஸ் போய் வாழ்ந்தாள் என்று கதையும் சொன்னார்கள். 2006-ல்தான் குட்டு உடைந்தது: டெக்ஸஸ்காரி வேறொரு ஆனி மூர், அசல் ஆனி நியூயார்க்கிலேயே குடியிருந்து கண்ணை மூடியவள்.

அமெரிக்க அதிபர்களுக்கு மட்டும் பூர்வீகம் தட்டாமல் கிடைத்துவிடும். கென்னடிக்குக் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். ஒபாமாவுக்கு அகப்பட்டவர், 1850-ல் மணிகால் கிராமத்திலிருந்து கிளம்பிய ஃபால்மவுத் கியர்னி. எள்ளுத்தாத்தாவுக்கும் அப்பா, தமிழே எள்ளோடு மூச்சு வாங்கி நின்றுவிடும் தூரம்! 2011-ல் ஒபாமா வந்தார், கின்னஸ் குடித்தார், போனார். நெடுஞ்சாலையோரம் அவர் பெயரில் பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன.

உருளைக்கிழங்கு அழுகியதால் பூட்டன்கள் ஓடிய மண் அது. இன்று தேடி வரும் பேரனின் தட்டில் முதலில் விழுவது சிப்ஸ்.