ஐரனியும் மூன்று நாள் தண்டனையும்

கேள்வி: பத்தாம் வகுப்பு மகள் சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), ஐரனி (சொல்வதற்கு நேர்மாறாக உணர்த்துவது) எல்லாவற்றுக்கும் விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். ஆங்கிலப் பரீட்சைக்கு அது போதாதா?

பதில்: மதிப்பெண்ணுக்குப் போதுமானதாக இருக்கலாம், வாசிப்புக்குப் போதாது. ஐரனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1702-ல் லண்டனில் பெயரில்லாத துண்டுப்பிரசுரம் ஒன்று வெளிவந்தது. அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும், அவர்களுடைய போதகர்களைத் தூக்கிலிட வேண்டும் என்றது. திருச்சபைத் தீவிரர்கள் சிலர் மெய்சிலிர்த்துப் பாராட்டினார்கள். எழுதிய டேனியல் டீஃபோவோ அந்தச் சேராத கூட்டத்து ஆள்! தீவிரர்களின் குரலிலேயே பேசி அவர்களைக் கிண்டல் செய்திருந்தார். குட்டு வெளிப்பட்டதும், 1703-ல் மூன்று நாள் அவரைக் கழுத்தும் கையும் மாட்டும் தண்டனைக் கட்டையில் பொதுவெளியில் நிறுத்தினார்கள். பாராட்டியவர்கள் படிப்பறிவில்லாததால் ஏமாந்தார்கள் என்று சொல்ல முடியாது, படித்த பாதிரியார்களுக்கு ஐரனியின் இலக்கணம் லத்தீனிலேயே தெரிந்திருக்கும். உவமையை 'போல' காட்டிக்கொடுத்துவிடும். ஐரனிக்கு அப்படி உருபு கிடையாது. பேசுவது யார், எழுதியவருக்கு அதில் உடன்பாடா என்று கேட்டால்தான் பிடிபடும்.

அப்படியானால் பெயர்களே வேண்டாமா என்பீர்கள். வேண்டும், கண்டுபிடித்ததைப் பற்றிப் பேச. கண்டுபிடிக்க அவை உதவாது. மகளிடம் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, "இவர் நிஜமாகத்தான் சொல்கிறாரா?" என்று கேளுங்கள். யாரையாவது வானளாவப் புகழும் தலையங்கமாக இருந்தால் இன்னும் நல்லது.