ரெக்சின் வைத்த உண்டிவில்

நேற்று பஜாரில் ஓர் உண்டிவில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், கல் வைக்கிற இடத்தில் ரெக்சின். தோலுக்குப் பேர்போன ஆம்பூரில்!

மூன்று வாரத்துக்கு முன்பு மாடியில் காயவைத்த கூழ்வடகத்தைக் குரங்குகள் தின்றுவிட்டு, தட்டையும் கவிழ்த்துவிட்டுப் போயின. "விரட்ட ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. அன்றைக்கே வாங்கியிருக்கலாம். நாலு பேரைக் கேட்காமல் தீப்பெட்டிகூட வாங்காத வம்சமாயிற்றே நாம்!

மச்சான் மகன் போனில் குறுக்குவில்லைக் காட்டினான். துப்பாக்கிக் கட்டை, குறுக்கே வில், விசை, குறிபார்க்கக் கண்ணாடி வேறு. "காட்டுப்பன்னியே விழும் மாமா." பன்றிக்கு முன்னால் நான் விழுவேன், 1972 வனவிலங்குச் சட்டத்தில். சிலப்பதிகார மதுரையின் மதிலில் தானே வளைந்து அம்பு எய்யும் பொறி இருந்ததாம், பாண்டியனுக்குச் சரி. குரங்குக்கு உண்டிவில்லைத் தூக்கிக் காட்டினாலே போதும், கல்லே வேண்டாம்.

அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில், "உண்டிவில்லுக்கு எந்தத் தோல் நல்லது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் டிரம் ஓட்டிய பெரியவர், "குரோம் தோல் ஆவாது தம்பி, ஆவாரம்பட்டையில பதம் பண்ணதுதான் நிக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவருக்குக் கோபம்: பட்டைத் தோல் விறைக்கும், குரோம்தான் வளையும். ஆடா மாடா என்றார் மூன்றாமவர். ஆடு மெல்லிசு, கல்லைப் பொத்திக்கொள்ளும். மாடு இழுப்புத் தாங்கும். எருமை? அது செருப்புக்கு அடியில் போகிற சரக்கு, திரும்பி வந்து நம் கன்னத்தில் அறையும். தோலின் அடியடுக்கான ஸ்ப்ளிட் போட்டால் என்ன என்று நான் கேட்டதும், டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே கிளாஸை வைத்துவிட்டார். "ஸ்ப்ளிட்டா? பஞ்சு மாதிரி பிஞ்சுடும் சார்." கனம் ஒன்றரை மில்லியா இரண்டா? வயிற்றுப்பக்கம் கூடாது, இழுத்தால் தொங்கிவிடும். முதுகில் வெட்ட வேண்டும், அதுவும் முதுகெலும்பு போகிற வாக்கில். கடைசியில் ஒருவர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். மடித்தார், முகர்ந்தார், "இதுவே தோல் இல்ல" என்று கீழே போட்டார். அன்றிலிருந்து அது கடிக்கிறது.

1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் பொங்கி எழுந்ததற்குப் புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் ஒரு காரணம். இந்தப் பக்கம் தோல் விஷயத்தில் விளையாடக்கூடாது என்று வெள்ளைக்காரனுக்கே அன்று புரிந்தது. பஜார் கடைக்காரருக்கு இன்னும் புரியவில்லை. "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்கிறார். கப்பலேறுகிற ஷூவுக்கெல்லாம் இங்கே தோல் இருக்கிறது. கட்டிங் துண்டுகள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. எனக்கு மட்டும் நாலு விரல் அகலத் தோலுக்கு வழியில்லை!

குறுக்குவில்லா உண்டிவில்லா, எது தேவலை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். மாடியில் சத்தம். போய்ப் பார்த்தால், தண்ணீர்த்தொட்டி மேல் பெரிய குரங்கு, கையில் என் உண்டிவில். ரெக்சினை மடித்துப் பார்த்தது. முகர்ந்தது. கீழே போட்டது.