ஹெய்ன்ஸுக்கு மாமனார் வீடு இல்லையா?

இன்ஜினியரிங்கில் ‘ப்ரொஃபஷனல் எத்திக்ஸ்’ பேப்பரை நாங்கள் கூட்டமாக எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் கணக்கு கிடையாது. அறம் தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தை நிரப்பத் தெரிந்தால் போதும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உளவியலாளர்கள் கோல்பர்க், கில்லிகன் எல்லாரும் அதற்குள் வருவார்கள். யோகாவும் உண்டு. தேர்வுக்கு முந்தின ராத்திரி அதுதான் கை கொடுத்தது.

ராஜபாளையம் வீட்டில், கோல்பர்க் சொல்லும் ஹெய்ன்ஸ் கதையைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்கடைக்காரன் அடக்கவிலையைப் போலப் பத்து மடங்கு, 2,000 டாலர் கேட்கிறான். ஹெய்ன்ஸால் புரட்ட முடிந்தது பாதிதான். பாக்கியைப் பிறகு தருகிறேன் என்றாலும் அவன் மசியவில்லை. ஹெய்ன்ஸ் மருந்தைத் திருடலாமா, கூடாதா?

மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த அப்பத்தா குறுக்கே வந்தார். “ஏய்யா, அவனுக்கு மாமனார் வீடு கெடையாதா? அந்தப் பிள்ள கழுத்துல பொட்டு நககூடவா இல்ல? மில்லுல அட்வான்ஸ் கேட்டானா?”

“அதெல்லாம் கதையில இல்ல அப்பத்தா.”

“அப்ப மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டிய நான் பாக்கேன். எந்தத் தெரு?”

பதிலுக்குச் சொல்லும் காரணத்தை வைத்து அற வளர்ச்சியை அளக்கும் கோல்பர்க்கின் ஆறு படிகளில் மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு இடமே இல்லை. 1982-இல் கரோல் கில்லிகன் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். இதே கதையைக் கேட்ட ஜேக் என்ற 11 வயதுப் பையன் ‘திருடலாம்’ என்று பளிச்சென்று சொன்னான். அதே வயது ஏமி, ‘கடன் வாங்கலாம், பேசிப் பார்க்கலாம்’ என்று இழுத்தாள். கோல்பர்க் கணக்கில் அவள் ஒரு படி கீழே. அப்பத்தாவும் அங்கேதான் நின்றிருப்பார். நான் மார்க் போட்டிருந்தால் ஜேக்கைத்தான் பெயிலாக்கியிருப்பேன். அவனை நம்பி யார் கடை திறப்பது?

அப்பத்தா விடவில்லை. “நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளு செஞ்சது சரியா தப்பா? ஒன் வாத்தியார்ட்டக் கேளு.”

கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானாகவே படி போட்டுப் பார்த்தேன். மகள் ஆண்டாள் சூடிய மாலை சாமிக்கு ஆகாது என்று வேறு மாலை கட்டிய பெரியாழ்வார், சட்டம் ஒழுங்கு பார்க்கும் நான்காம் படி. அவள் சூடியதுதான் வேண்டும் என்று கனவில் வந்து சொன்ன பெருமாளுக்கு ஆறாம் படிகூடப் போதாது. சித்திரையில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதி பெருமாளுக்கும் இன்றுவரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போவது, ஆண்டாள் சூடிக் களைந்த மாலைதான்.