எவ்ளோ அங்கிள்

மீன் வாங்கி வருகிறவரை எங்கள் அடுக்குமாடியின் எவ்ளோ அங்கிள் லிஃப்ட் வாசலில் பிடிப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். கையில் தொங்கும் பையைப் பார்ப்பார். "என்ன மீனு?" என்பதெல்லாம் ஒப்புக்கு. பதில் வருமுன் பையின் வாயை விரலால் விலக்கி, "தெங்கிரியா... எவ்ளோ?" என்பார்.

"கிலோ 38, அங்கிள்."

'ச்ச்' என்று ஒரு சத்தம் வரும். உங்கள் படிப்பு, சம்பளம், உங்களைப் பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்கிற சத்தம் அது. "தலையில கட்டிட்டான் லா. நம்ம கிள்ளான்ல 28 வெள்ளிதான்."

அந்தப் பத்து வெள்ளியில்தான் அவருடைய கைத்திறன் இருக்கிறது. இரண்டு வெள்ளி குறைத்துச் சொன்னால் நமக்கு உறைக்காது. இருபது குறைத்தால் நம்ப மாட்டோம். அதனால் கெம்போங்குக்கு 4, இறாலுக்கு 12, சீனப் பெருநாள் நெருங்கிவிட்டால் வெள்ளை வாவலுக்கு 15 என்று மீனுக்குத் தகுந்த கழிவு வைத்திருக்கிறார். நீங்களே 28-க்கு வாங்கி வந்தால் அவர் விலை 20 ஆகிவிடும். ஒருவர் சும்மா வாயை அடைக்கலாமென்று "அஞ்சு வெள்ளி அங்கிள்" என்று சொல்லிப் பார்த்தார். அங்கிள் பையை முகர்ந்துவிட்டு, "அதான் கெட்டுப்போச்சு" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் இதே கதை. மீன் தலைக்கறி கொண்டுவந்த பையன் ஊரிலிருந்து புதிதாக வந்தவன். "தலை எவ்ளோ, தம்பி?" என்றதும் கல்லாவுக்கு ஓடினான். விலை தெரிந்ததும், "இந்தக் காசுக்குக் கிள்ளான்ல முழு மீனே வரும்" என்றார். பிறகு அந்தத் தலையில் கண் உட்பட ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இதுவாவது பரவாயில்லை. ஒரு பதினாறாம் நாள் காரியத்தில், இறந்தவருக்குப் பிடிக்குமென்று படையலில் பொரித்த வாவல் வைத்திருந்தார்கள். அங்கிள் மகனின் தோளைத் தொட்டு, காதோரம் குனிந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். "வாவல் எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார்.

செவுளைத் தூக்கிப் பார்ப்பது, வளர்ப்பு சியாகாப் மீனே இல்லை என்று சாதிப்பது, மீன் விற்கிற சீனர் எல்லாரையும் 'தவ்கே' என்று கூப்பிடுவது என்று மற்ற பழக்கங்களும் உண்டு. அவை எல்லா அங்கிள்களுக்கும் உள்ளவைதான்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த உரிமையில் அங்கிள் இன்னமும் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் சொல்வார். 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பேரை மாற்றிய பிறகுதான் மீன் விலை ஏறியது என்பது அவர் கட்சி.

ஒரு சனிக்கிழமை விடியுமுன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் 2018-இல் டோலை நீக்கியதை, ஏதோ தானே போராடி நீக்கியதுபோல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். படகுத்துறையில் ஈரப் பலகை வழுக்கியது. ரப்பர் பூட்ஸ் போட்ட பையன்கள் நீலக் கூடைகளைத் தரதரவென்று இழுத்து, மீன்மேல் ஐஸை அள்ளிக் கொட்டினார்கள். கேத்தாம் தீவுப் பக்கத்து நண்டு, காலைக் கட்டியிருந்தும் கொடுக்கை விரிக்கப் பார்த்தது. அங்கிளுக்கு 'ரொம்பத் தெரிஞ்ச' தவ்கே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"தவ்கே! தெங்கிரி பெராப்பா?"

தவ்கே நிமிரவில்லை. "36."

"போலே கூராங்?"

"தாக் போலே."

அங்கிள் அப்பாவைப் பற்றி, சுவெட்டன்ஹாம் பற்றி ஏதோ மலாயில் ஆரம்பித்தார். தவ்கே பின்னால் நின்ற ஆளுக்கு நிறுத்துப் போடப் போய்விட்டார். 36 வெள்ளிக்கே ஒன்றரைக் கிலோ வாங்கினோம். பெட்ரோல், பார்க்கிங், இரண்டு ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் அதன்மேல். திரும்பி வந்து லிஃப்டில் ஏறினால், பக்கத்து வீட்டு அம்மா கேட்டுவிட்டார்கள்: "என்ன அங்கிள், எவ்ளோ?"

"28," என்றார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அந்த மீனில் பாதியை அன்றைக்கே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கொடுத்துவிட்டார். "எவ்வளவுப்பா?" என்று பாட்டி பர்ஸைத் தேடியதற்கு, "தெரிஞ்சவன், சும்மா குடுத்தான்" என்றார். அவர் சொன்ன விலைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் என் வீட்டு நிலைமை வேறு. அங்கிள் சொல்லும் விலையைக் கேட்டு, நான் காசை அடிக்கிறேனோ என்று மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நவம்பரிலிருந்து மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவக்காற்று, படகுகள் அதிகம் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். பௌர்ணமி நிலவில் விளக்கு வைத்துப் பிடிப்பவர்களுக்குக் கெம்போங் சேராது என்றும் சொன்னேன். "அங்கிளுக்கு மட்டும் கிடைக்குதே?" என்கிறாள். 2024 ஜூனில் டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது மீனவர்களுக்கு மட்டும் 1.65-லேயே விட்டுவைத்தார்கள். அதையும் அங்கிள் பிடித்துக்கொண்டார்: "மலிவு டீசல் அடிக்கிறவன் எதுக்கு விலைய ஏத்துறான்?" ஐஸ், வலை, ஆள் கூலி, செலாயாங் மொத்தச் சந்தைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடும் லாரி, நடுவில் கை மாற்றும் ஆட்கள் இதெல்லாம் அவர் கணக்கில் கிடையாது. பொய் விலையைக் கேட்டுக் கேட்டு, எங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் பக்கத்துச் சந்தைக்காரரைத் திருடன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். இது எனக்கு வேடிக்கையாக இல்லை.

உங்கள் புளோக்கிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்லுங்கள்: விலையை நாங்கள் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னாடி சொல்லட்டும்; மீன் பைக்குள் வந்த பிறகு வேண்டாம்.