வேர்ச்சொல் சார்

கொரட்டூர் முதல் பட்டாபிராம் வரை எந்த நகருக்குள் நுழைந்தாலும் ஒரு பிள்ளையார் கோவில், ஒரு தண்ணீர் கேன் கடை, ஒரு வேர்ச்சொல் சார் இருப்பார்கள். எங்கள் அம்பத்தூர் சார், எஸ்டேட் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்ற மறுநாளே சொற்களைப் பிளக்க ஆரம்பித்துவிட்டார். கத்தி, கோடாலி எதுவும் கிடையாது. "இதைப் பிரிச்சுப் பாருங்க" என்பார், சொல் இரண்டாகிவிடும்.

அம்பத்தூர் என்பது ஐம்பத்தொன்றாம் ஊர், சக்தி பீடக் கணக்கு. முகப்பேர் என்பது மகப்பேறு. இதெல்லாம் ஊரே சொல்வதுதான், விடுங்கள். ஆவடியில்தான் சண்டை. அது டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று யாராவது சொன்னால் சார் கொதித்துப்போவார். "ஆ என்றால் பசு! பசுவின் அடி பட்ட மண் ஐயா இது!" தொழிற்சாலை வந்தது 1961இல், 1955 ஜனவரியிலேயே ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்துவிட்டது. இந்த ஒரு தேதியைச் சொன்னால் வழக்கு முடிந்தது. ஆனால் சாருக்குத் தேதி ஆகாது, பசுதான் வேண்டும்.

எதிர்வீட்டு மாடிக்கு மொழியியல் ஆய்வு மாணவன் ஒருவன் குடிவந்தான். 'தான்' என்கிற ஒற்றை இடைச்சொல்லை நாலு வருடமாக ஆராய்கிறான், அதுதான் முடிந்தபாடில்லை. அவன் பொறுமையாக விளக்கினான்: "கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கெய், இங்கே செய். இப்படி ஒலி வரிசையாக மாறணும் சார். கால்டுவெல் 1856லேயே ஒப்பிலக்கணம் போட்டாச்சு. ரெண்டு சொல் ஒரே மாதிரி இருந்தா உறவுன்னு சொல்ல முடியாது. சாவி, ஜன்னல், அலமாரி மூணும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது."

சார் சிரித்தார். "தம்பி, வீட்டுக்கு வந்தவன் சாவியைக் கொண்டுவருவானா, எடுத்துக்கிட்டுப் போவானா?"

பையனிடம் பதில் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது.

சாரின் பொற்காலம் 2020 ஜூன். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. பூந்தமல்லி ஆங்கிலத்திலும் பூவிருந்தவல்லி ஆனது. ஊரடங்கிலும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேசரி கொடுத்தார். வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்ததைப் பார்த்து ஊர் சிரித்தது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கேசரியைத் திரும்பப் பெற முடியவில்லை.

இப்போது அவருடைய ஆய்வு மன்றம் ரயில் நிலையத்தின் அருகே உள்ள டீக்கடை. போன வாரம் 'தேயிலை'யைத் தேய்க்கிற இலை என்று நிறுவிக்கொண்டிருந்தார். சீனாக்காரன் நம்மிடமிருந்துதான் கற்றானாம். கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்.

"சார், போன மாசப் பாக்கி?"

"பாக்கி அரபுச் சொல்லப்பா. நிலுவைன்னு சொல்லு."

சொற்பிறப்பில் சார் சரியாகச் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"சரி சார், நிலுவை எப்போ வரும்?"

"நிலுவை... நில் என்பது வேர். நிற்பதுதான் அதன் இயல்பு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இருநூற்று நாற்பது ரூபாய். இன்னும் நிற்கிறது.