காணொளி ஆசானே, உனக்கு நிகர் யார்?

சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்ட உன்னைப் போல் வல்லவர் கிடையாது. மண்ணெண்ணெயில் கிடந்த துண்டை எடுத்து, ஒற்றி, பயறளவு நறுக்குவதற்குள் எங்கள் ஆசிரியர்களுக்கு வியர்த்துவிடும். உனக்கு ஒரு சொடுக்குப் போதும். அது உருண்டு ஓடும், சீறும், மஞ்சளாய் எரியும். ஆயிரம் முறை போட்டாலும் பிசகாது. நறுக்கிய முகம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்குமே, அந்த நேரத்தையும் வெட்டி மிச்சப்படுத்திவிடுகிறாய்.

உன் கந்தகம் எரிந்தாலும் நெடியில்லை. உன் குளோரின் யாரையும் இருமவைத்ததில்லை. உன் பாதரசத்துக்குக் கனமும் இல்லை. மூடிய சிறு குப்பியைத் தூக்கியதும் கை சட்டென்று தாழுமே, அந்தத் தொல்லையிலிருந்து பிள்ளைகளைக் காத்தாய்.

மெண்டலீவ் 1869-இல் அட்டவணை போட்டபோது தெரியாத தனிமங்களுக்கு இடம் விட்டார். காலியம் 1875-இலும் ஜெர்மானியம் 1886-இலும் வந்து உட்கார்ந்தன. நீ அவரைவிடத் தேர்ந்தவன். 118 கட்டங்களையும் நிரப்பி, வண்ணம் தீட்டி, பாட்டாகவும் பாடிவிடுகிறாய். பிள்ளை யோசிக்க ஒரு கட்டமும் காலியில்லை. ஆர்கானின் அணுநிறை 39.95, அடுத்து வரும் பொட்டாசியத்துக்கு 39.10, நிறை குறைந்தது பின்னால் வருவானேன் என்று கடைசி பெஞ்சுச் சிறுமி கை தூக்கினாலும் நீ கலங்குவதில்லை, அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாய். இந்த நிதானம் எந்த ஆசிரியருக்கு வாய்க்கும்?

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 2008-இல் தனிமத்துக்கு ஒரு காணொளி என்று எடுக்கத் தொடங்கினார்கள். சீசியத்தைப் பள்ளிக்கூடத்தில் தண்ணீரில் போட முடியாது. அதைப் படம்பிடித்துத்தான் காட்ட வேண்டும். உன் கருணை அதோடு நிற்கவில்லை. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணி போடுவதையும் நீயே எடுத்துக்கொண்டாய். அமிலம் வாங்கும் செலவு மிச்சம், சோதனைக்குழாய் உடையும் கவலை மிச்சம். பூட்டிய ஆய்வகக் கதவில் தாழ்ப்பாளின் துரு மட்டும், இரும்பும் ஆக்சிஜனும் சேர்வதை நேரில் காட்டிக்கொண்டிருக்கிறது.

தலைமையாசிரியர்களே, இவ்வளவு உழைத்த ஆசானுக்கு வாரம் ஒரு பீரியட் ஓய்வு கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளிடம் ஒரு குவளை மயில்துத்தக் கரைசலும் ஓர் ஆணியும் கொடுங்கள். ஆணியில் செம்பு படிவதை அவர்களே பார்க்கட்டும்.